மாக்கல்லும் பதினோரு நாள் மாத்திரையும்

குளத்தூர்,
புதன்கிழமை காலை

பெருமதிப்பிற்குரிய மச்சான் சேவுகன் அவர்களுக்குப் பிச்சைமுத்து பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும், பேறுகாலத்துக்கு வந்த மகள் இலக்கியாவும், நாலு மாதப் பேத்தியும் நலம். தங்கள் தங்கை சொர்ணவல்லி நலமா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இப்படி எழுதுகிறானே என்று தாங்கள் யோசிப்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சுருக்கமாகச் சொன்னால், தங்கள் தங்கை பதினோரு நாளாகப் பிரஷர் மாத்திரை போடவில்லை. அதற்குக் காரணம் நான். இன்னும் சரியாகச் சொன்னால், நான் சொன்ன எடுத்துக்காட்டு.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் முதல் காரணத்தை முடிப்பதற்குள் தாங்கள் "சரி மாப்ள, வச்சிரவா?" என்று கேட்டுவிடுகிறீர்கள். கடிதத்தில் தங்களுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே பொறுமையாக முதலிலிருந்து வருகிறேன்.

போன மாதக் கடைசியில் சுகாதார நர்ஸ் பிளெஸ்ஸி பேத்தியை எடை பார்க்க வந்தது. என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்த பெண்தான். அது வந்த நேரம், தங்கள் தங்கை பேத்தியைக் குளிப்பாட்டி, பவுடரை உள்ளங்கையில் கொட்டி, மாவில் புரட்டிய பணியாரம் மாதிரி ஆக்கிக்கொண்டிருந்தாள். பிளெஸ்ஸி, "அம்மா, பாப்பாவுக்குப் பவுடர் வேணாம்மா. தூளு மூச்சுல போயிரும்," என்றது. சரியான பேச்சு. நானும் தலையாட்டினேன். அது போன பிறகு தங்கள் தங்கை என்னிடம், "ஏங்க, நம்ம புள்ளைக்கு டப்பா டப்பாவா அப்புனோமே, அது என்னங்க தூளு?" என்று கேட்டாள். "ஏதோ தூள், இனிமேல் போடாதே" என்று நான் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. ஆனால் முப்பத்துநான்கு வருஷம் அறிவியல் ஆசிரியனாக இருந்தவனிடம் ஒருவர் தானாக முன்வந்து கேள்வி கேட்டால், அவன் எப்படி மச்சான் இரண்டு வார்த்தையில் நிறுத்துவான்?

அது மாக்கல் என்று ஆரம்பித்தேன். நம்முடைய நார்த்தாமலைப் பாறையை நகத்தால் கீறினால் நகம்தான் போகும். மாக்கல்லைக் கீறினால் கல் உதிரும். கனிமங்களைக் கடினத்தின்படி பத்துப் படியில் நிறுத்தினால் வைரம் பத்தாவது படி, இது முதல் படி. காரணம் அதன் உள்ளமைப்பு. வெற்றிலைக் கவுளியை நினைத்துக்கொள் என்றேன். ஒவ்வொரு இலையும் முழுசாகத்தான் இருக்கிறது, ஆனால் இலைக்கும் இலைக்கும் நடுவில் பிடிமானம் இல்லை, தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும். அதனால்தான் பவுடர் கையில் வழவழவென்று இருக்கிறது. இதுவரை நல்லபடியாகத்தான் போயிற்று. வெற்றிலை என்றதும் அவள் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

பிறகு அது எப்படி உண்டாகிறது என்பதற்கு வந்தேன். இது பிறக்கும்போதே மாக்கல் இல்லை. முதலில் வேறு பாறை, மக்னீசியச் சத்து மிகுந்த பாறை. பூமிக்கு அடியில், மேலே கிடக்கும் கல்லின் பாரம் அழுத்த, விரிசல் வழியாக வெந்நீர் அதற்குள் ஊறுகிறது. வெறும் வெந்நீர் இல்லை, மணலில் இருக்கிற சிலிக்கா அதில் கரைந்திருக்கும். அது உள்ளே போய்ச் சேர்கிறது, பாறையிலிருந்து வேறு சில வெளியேறுகின்றன. லட்சக்கணக்கான வருஷம் இப்படி நடந்து, பழைய பாறை உருகாமலே, எரியாமலே, இருந்த இடத்திலேயே வேறு கனிமமாக மாறிவிடுகிறது. இதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமே என்று சுற்றிப் பார்த்தேன். ஜாடி கண்ணில் பட்டது. "ஊறுகாய் மாதிரி சொர்ணம். மாங்காய் உருகவில்லை, வேகவில்லை. உப்பு உள்ளே போகிறது, தண்ணீர் வெளியே வருகிறது. ஜாடிக்குள் இருப்பது மாங்காய்தான், ஆனால் மாங்காய் இல்லை."

தங்கள் தங்கை ஜாடியை எட்டிப் பார்த்தாள். பிறகு, "அப்ப அது ஊசிப்போன கல்லுன்னு சொல்லுங்க," என்றாள்.

நான் பதறிப்போய், "ஊசவில்லை, மாறியிருக்கிறது" என்றேன். "சோறு ஊசுனாலும் மாறுறதுதானங்க?" என்றாள். பாலும் தயிராக மாறுகிறதே என்றேன். "நாலு நாள் விட்டுப் பாருங்க அந்தத் தயிர," என்றாள். மச்சான், வேதியியல்படி அவள் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. அன்றிலிருந்து எனக்கே குழப்பம். மாறுவதற்கும் கெடுவதற்கும் கோடு எங்கே இருக்கிறது? இத்தனை வருஷம் எந்தப் பிள்ளையும் இதைக் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

இதற்கு நடுவில் இலக்கியா செல்லைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது கூட கல்நாரும் சேந்து வருமாமே, அது ரொம்ப மோசமாமே," என்றது. அதுவும் உண்மைதான். அதே மாதிரி பாறையில் சில இடங்களில் கல்நார், அதுதான் ஆஸ்பெஸ்டாஸ், பக்கத்திலேயே உண்டாகியிருக்கும், அதனால் எடுக்கும் இடத்தைச் சோதிக்க வேண்டும் என்றேன். நல்ல குடும்பத்துக்குப் பக்கத்து வீட்டில் பொல்லாதவன் குடியிருப்பது போல என்று ஓர் எடுத்துக்காட்டும் கொடுத்தேன். அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பயந்துவிட்டார்களோ என்றுதான், இது புதிதாக வந்த பூதம் அல்ல, நம்மோடு புழங்குகிற பொருள்தான் என்று தைரியம் சொல்லத் தொடங்கினேன். முதலில், அவள் வத்தக்குழம்பு வைக்கிற கல்சட்டி. அதுவும் இந்த இனத்துக் கல்லைக் குடைந்ததுதான், தூள் பறக்காது, சூடு தாங்கும் என்று சொல்லி, நம்புவதற்காகச் சட்டியின் வயிற்றில் கத்தியால் ஒரு கீறு கீறியும் காட்டினேன். மறுநாள் கல்சட்டி கொல்லையில் குழாயடியில் கிடந்தது. உள்ளே ஏதோ கலங்கல் தண்ணீர். கோழி குடித்துக்கொண்டிருந்தது. அதற்கடுத்து, சில கோலப்பொடியும் இந்தக் கல்லை அரைத்ததுதான் என்றேன். அடுத்த நாள் வாசலில் பச்சரிசி மாவுக் கோலம். எறும்பு வரிசையாக வந்து, கோலத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்தது. சுவருக்கு அடிக்கிற பெயிண்டில்கூட இதைக் கலப்பார்கள் என்றேன். பேத்தியின் தொட்டில் புதுப் பெயிண்ட் அடித்த அறையிலிருந்து நடுவீட்டுக்கு வந்துவிட்டது, இப்போது நான் டிவி பார்ப்பதென்றால் தொட்டிலுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி பார்க்கிறேன். ரப்பர் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க இதைத் தூவுவார்கள், சைக்கிள் டியூபைப் பார் என்றேன். சைக்கிள் வெளியே போயிற்று.

அதோடு நின்றதா? நானும் ஓய்வுபெற்ற கண்டக்டர் பீட்டரும் சாயங்காலம் கேரம் ஆடுவோம் இல்லையா, பலகை வழுக்குவதற்கு வீட்டுப் பவுடரைத்தான் தூவுவோம். அந்த டப்பாவும் போய்விட்டது. ஸ்ட்ரைக்கரைச் சுண்டினால் சாணியில் மாட்டிய சக்கரம் மாதிரி பாதியில் நிற்கிறது. பீட்டர் பலகையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "சார், ஒங்ககிட்டப் படிச்ச ஏந் தம்பி எட்டாவதுல மூணு வருசம் இருந்தான். ஒரு பாடம் மண்டையில ஏறல. அக்காவுக்கு மட்டும் எப்புடி சார் நாலே நாள்ல இம்புட்டும் ஏறுச்சு?" என்றார். நான் காயை அடுக்கினேன். ஆனால் தங்களிடம் மறைப்பானேன், மனதுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது. முத்தாய்ப்பாக ஓர் எடுத்துக்காட்டு சொல்லி எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். "பாரு சொர்ணம், மூச்சில் தூளாகப் போவது வேறு, வயிற்றுக்குள் துளி போவது வேறு. மாத்திரை அடிக்கும்போது மருந்துப் பொடி இயந்திரத்தில் ஒட்டாமல் வழுக்கிப் போக, பல கம்பெனியில் இதைத்தான் துளி சேர்க்கிறார்கள். நீ தினமும் விழுங்குகிற பிரஷர் மாத்திரையிலேயே இருக்கலாம். உனக்கு என்ன ஆகிவிட்டது?" என்று கேட்டேன்.

அவள் முந்தானையை உதறிக்கொண்டாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வழக்கமாகச் சொம்புத் தண்ணீரோடு என் எதிரில் நின்று மாத்திரையை அண்ணாந்து போடுவாளே, போடவில்லை. அடுத்த நாளும் போடவில்லை. பிரிட்ஜ் மேலே இருக்கும் டப்பாவைத் திறந்து பார்த்தேன். பிரிக்காத அட்டை அப்படியே கிடக்கிறது. "சொர்ணம், மாத்திரை?" என்றால், "ஒங்க சோலியப் பாருங்க," என்கிறாள். சரி, எவ்வளவு ஏறியிருக்கிறது என்றாவது பார்ப்போம் என்று மருமகன் ரகுநாத் குவைத்திலிருந்து கொண்டுவந்த பிரஷர் மிஷினை எடுத்தால், "அந்த ரப்பர ஏங் கையில மாட்டாதீங்க," என்று கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். ரப்பர் எடுத்துக்காட்டை அன்றைக்கே விட்டிருக்கலாம்.

மருந்துக்கடைக்குப் போய், அங்கே வேலை பார்க்கும் பெண் கார்முகிலிடம் மாக்கல் இல்லாத பிரஷர் மாத்திரை இருக்கிறதா என்று கேட்டேன். கார்முகில் என்னை உட்காரவைத்துச் சோடா வாங்கிக் கொடுத்து, "சார், ஒங்களுக்கு எத்தன நாளா இப்புடி இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டது. எனக்கில்லை, வீட்டம்மாவுக்கு என்றேன். "மாத்திரைய மட்டும் நிறுத்திறாதீங்க சார், டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போங்க," என்றது. வரமாட்டேன் என்கிறவளை எப்படிக் கூட்டிப்போவது?

மச்சான், இதுவரை எழுதியதைச் சிரித்துக்கொண்டே படித்திருப்பீர்கள். இதைச் சிரிக்காமல் படியுங்கள். போன மார்கழித் திருவாதிரைக்கு ஆவுடையார்கோவில் வந்தபோது கோயிலுக்குள் அவள் தலைசுற்றி விழுந்தாளே, தாங்கள்தான் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினீர்கள். நான் அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தேன். ஒரு நாள்கூட மாத்திரையை விடக்கூடாது என்று டாக்டர் அன்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். இப்போது விடிகாலையில் அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்கும்வரை எனக்கு உயிர் இல்லை. கேட்டதும், இன்றைக்கு ஒரு நாள் கிடைத்தது என்று எழுந்திருக்கிறேன்.

ஆகவே தாங்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை அவசியம் வரவேண்டும். தாங்கள் சொன்னால் கேட்பாள். நாற்பது வருஷம் உரக்கடை வைத்திருந்து, எந்த உரம் எதற்கென்று யாருக்கும் விளக்காமல், "கொண்டுபோய்ப் போடு, வெளையும்" என்று மட்டும் சொன்னவர் தாங்கள். அந்த மாதிரி, "மாத்திரையப் போடு ஆத்தா" என்று மூன்றே வார்த்தை சொல்லுங்கள். காரணம் சொல்லவேண்டாம். முக்கியமாக எடுத்துக்காட்டு எதுவும் வேண்டாம். இன்னொன்று, தாங்கள் வெளியூர் கிளம்பும்போது கழுத்தும் நெஞ்சும் வெள்ளையாகத் தெரிகிற அளவுக்குப் பவுடர் போடுவது வழக்கம். இந்த ஒரு தடவை வெறும் கழுத்தோடு வாருங்கள். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டால் என் கதி என்ன?

வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். ஆத்மநாதர் அருளால் தங்கள் முழங்கால் வலி குறைந்து, தாங்கள் பஸ் ஏற இறங்கச் சிரமமில்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனர்
ம. பிச்சைமுத்து
தலைமையாசிரியர் (ஓய்வு)

பி.கு.: உறை ஒட்டக் கொஞ்சம் சோற்றுப் பருக்கை எடுக்க அடுப்படிக்குப் போனேன். மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒரு மாத்திரை அட்டை. எண்ணிப் பார்த்தேன், பதினோரு குழி காலி. கையும் அட்டையுமாக நின்றபோது தங்கள் தங்கை வந்துவிட்டாள்.

"நீ மாத்திரை போடலன்னு..."

"போடலன்னு நான் எப்பச் சொன்னேன்?"

"பின்ன ஏன் என் முன்னாடி போடல?"

"ஒங்க முன்னாடி போட்டா இன்னொரு எடுத்துக்காட்டு வரும்ல. அதான் இங்கிட்டு வந்து போடுறேன்."

அப்போ கல்சட்டி என்றேன். "கத்தியால கீறிப்புட்டீங்க, கஞ்சித்தண்ணி ஊத்தித் திரும்பப் பழக்கிக்கிட்டு இருக்கேன், அதையுங் கோழி குடிக்குது, வெரட்டாம வேடிக்க பாக்குறீங்க," என்றாள். கோலப்பொடி தீர்ந்துபோயிருந்ததாம். தொட்டில் இடம் மாறியது பெயிண்ட் வாடைக்காகவாம். தொட்டிலுக்கு இடம் வேண்டித்தான் சைக்கிள் வெளியே போனதாம். கேரம் பவுடரைக் கேட்டேன். "மூணு மணிக்குப் போனா ஏழு மணிக்கு வாரீங்க. வீட்டுல பச்சப்புள்ள துணி யாரு காயப்போடுறது?" என்றாள். மிஷின் கையை இறுக்குகிறதாம், அவ்வளவுதான்.

மச்சான், சந்தோஷத்தில் அந்த அட்டையைக் கும்பிடலாம் போல இருந்தது. ஆனால் கூடவே வேறு ஒரு வருத்தமும் வந்துவிட்டது. அப்படியானால் நான் சொன்ன பாடத்தில் இவள் காதில் எதுவுமே விழவில்லையா? இதைக் கேட்க வெட்கமாக இருந்தது. அவள் பருக்கையை என் விரலில் வைத்துவிட்டு, வெங்காயம் உரித்துக்கொண்டே, "ஏங்க, பூமிக்கு அடியில வெந்நி ஊறுதுன்னு சொன்னீங்களே, அந்த வெந்நிய அங்கிட்டு யாரு சுடவச்சா?" என்றாள்.

நல்ல கேள்வி மச்சான். மிக நல்ல கேள்வி. முப்பத்துநான்கு வருஷத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. ஸ்டாம்ப் ஒட்டிவிட்டதால் கடிதத்தை அனுப்புகிறேன், மற்றபடி மேலே எழுதிய எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை வரவும் வேண்டாம். அடுத்த ஞாயிறு வாருங்கள். அதற்குள் பதில் சொல்லி முடித்துவிடுவேன் என்று நினைக்கிறேன்.