தாங்கள் காலமானது தொடர்பாக

ரேணிகுண்டா,
செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்குரிய பெரியப்பா கிருஷ்ணப்பா அவர்களுக்குத் தங்கள் தம்பி மகன் கேசவன் தலை குனிந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் சுமித்ராவும் குழந்தை ரக்ஷிதாவும் நலம். அங்கே தாங்கள் நலமா? கடிதம் என்றால் நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும் என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே தாங்கள்தான். ஆனால் தங்கள் ஆத்மாவைப் பற்றியே நாள் கணக்கில் பேசிக்கொண்டிருந்த வீட்டிலிருந்து தங்கள் உடம்பைப் பற்றிக் கேட்க எனக்கு நா கூசுகிறது. போன வியாழக்கிழமையிலிருந்து போன் செய்துகொண்டே இருக்கிறேன், தாங்கள் எடுக்கவில்லை. எடுக்காதது நியாயம்தான். அதனால்தான் எழுதுகிறேன். நடந்தது என்ன என்று முழுக்கத் தெரிந்துகொண்டு தாங்கள் என்னைத் திட்டினால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

எல்லாம் வீட்டுக் கடனைச் சீக்கிரம் அடைக்க நினைத்ததால் வந்தது. இந்த வீடு வாங்கியபோது என் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு வங்கியில் உதட்டைப் பிதுக்கினார்கள். அப்போது தாங்கள் சித்தூரிலிருந்து பஸ் ஏறி, நிலப் பத்திரத்தைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தீர்கள். நம் வகையறாவில் அடுத்தவர் கழனியில் நாற்று நடாமல் சொந்தக் கழனியில் நட்ட முதல் ஆள் தாங்கள். அந்தப் பத்திரத்தை எனக்காக அடமானம் வைத்துவிட்டு, வெளியே வந்து, "வூடு கட்னா ஜன்னலு பெருசா வைடா" என்று மட்டும் சொன்னீர்கள். இத்தனை வருடம் கட்டியும் பெரும்பகுதி வட்டிக்கே போயிருக்கிறது என்று போன வருடம் தெரிந்ததும் எனக்கும் சுமித்ராவுக்கும் சோறு இறங்கவில்லை. தங்கள் காலத்துக்குள் பத்திரத்தை மீட்டுத் தங்கள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று இருவரும் முடிவு செய்தோம். அன்றைக்குச் சிக்கனம் தொடங்கியது. பால் பாதியானது, கேபிள் போனது, நான் பைக்கை மூடிவைத்துவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் போனேன், ரக்ஷிதாவின் பிறந்தநாள் கேக் கேசரியாக மாறியது. அவள்கூட முகம் சுளிக்கவில்லை. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததையெல்லாம் அசலில் கட்டிக் கட்டி, அடுத்த மாதம் சீட்டுப் பணம் கைக்கு வந்தால் கடன் முடிந்தது என்ற அளவுக்குக் கொண்டுவந்தோம்.

ஒரே ஒரு செலவைத்தான் எங்களால் வெட்ட முடியவில்லை. ரேணிகுண்டா ஜங்ஷனில் எந்த வண்டிதான் நிற்காது? நிற்கிற வண்டியிலிருந்தெல்லாம் நம் சொந்தக்காரர் ஒருவர் இறங்குகிறார். "திருப்பதி மலைக்கி வந்தோம், அப்டியே உங்களயும் ஒரு எட்டு பாத்துட்டு போலாம்னு" என்பார்கள். அந்த ஒரு எட்டு மூன்று வேளைச் சாப்பாடு, வெந்நீர், ஆட்டோ, திரும்பும்போது குழந்தைகள் கையில் கொடுக்கிற நோட்டு என்று நீளும். சுமித்ரா கணக்கு எழுதும்போது இந்தச் செலவுக்குக் 'கோவிந்தா' என்று தலைப்புப் போட்டிருந்தாள். சில மாதங்களில் மளிகையை விடக் கோவிந்தா அதிகம்.

இப்படி இருக்கும்போதுதான், நாயுடுபேட்டையில் பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிற சுமித்ராவின் அண்ணன் ஹேமநாத் ஒரு வியாழக்கிழமை போன் செய்தார். "மாப்ள, நாளன்னைக்கி மலைக்கி வர்றோம். வேன் பேசிட்டேன், பதினோரு பேரு. மூணு நாளு உங்க வூட்லதான்" என்றார். அப்போது நான் வங்கியில் கொடுத்த கடன் கணக்குத் தாளைத்தான் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினோரு பேர் என்றதும் நான் யோசிக்கும் முன்பே, "வீட்ல தீட்டு மச்சான்" என்று என் வாய் சொல்லிவிட்டது. சாவுத் தீட்டு இருக்கிற வீட்டில் மலைக்குப் போகிறவர்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்களே, சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன். ஆனால் அவர், "அய்யய்யோ, யாரு மாப்ள?" என்று கேட்டுவிட்டார். எதிரே இருந்த தாளில் கடன்காரர்கள் என்று இரண்டு பெயர் இருந்தது. ஒன்று என் பெயர், இன்னொன்று தங்கள் பெயர். என் பெயரைச் சொல்ல முடியாது, ஏனென்றால் பேசிக்கொண்டிருப்பது நான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பொய் தேவைப்பட்டது. எப்போது எடுக்கிறீர்கள் என்றார், இங்கேயே வைத்து எடுத்தாகிவிட்டது என்றேன். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றார். "யாருக்கும் தொல்ல குடுக்காதடான்னு சொல்லிட்டுதான் பெரியப்பா கண்ண மூடனாரு" என்றேன். தாங்கள் உண்மையிலேயே அப்படிச் சொல்லக்கூடியவர் என்பதால் அவர் உடனே நம்பி, குலுங்கிக் குலுங்கி அழுதார். கொள்ளி வைத்தது யார் என்றார். பெரியம்மாவும் இல்லை, பிள்ளையும் இல்லை, வேறு யார் வைப்பார்கள், நான்தான் என்றேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சுமித்ரா கையில் குடத்தோடு நிற்கிறாள். "செலவக் கழிங்கன்னா பெரிய மாமாவையே கழிச்சிக்கினு வந்து நிக்கறீங்களே" என்றாள். இரவு சோறு போடும்போது என் தலையைப் பார்த்து, "கொள்ளி வச்சவனுக்கு முடி எப்டி?" என்றாள்.

மறுநாள் காலை கடைத்தெருவில் போய் மொட்டை அடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். மற்ற ஊரில் மொட்டையைப் பார்த்தால் துக்கம் விசாரிப்பார்கள். இந்த ஊரில், "மலைக்கிப் போனியா, லட்டு எங்க?" என்கிறார்கள். கம்பெனியில் சாவு என்று சொன்னால் சூப்பர்வைசர் விவரம் கேட்பார், அதனால் ஆமாம், மலைக்குத்தான் போனேன் என்றேன். அந்தச் சாயங்காலமே லட்டுக்கு அலைந்து, வாங்கி, பாதி பாதியாக உடைத்து எங்கள் ஷிஃப்டுக்கே கொடுத்தேன். வீட்டில் சாவுத் தீட்டு, கம்பெனியில் மலைப் பிரசாதம். இரண்டும் வழியில் எங்கேயும் சந்தித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதே தனி வேலையாகிவிட்டது.

சரி, பதினோரு பேரைத் தவிர்த்தோமே என்று நினைத்தேன். சனிக்கிழமை காலையில் அதே வேன், அதே பதினோரு பேர், வீட்டு வாசலில். "சாமி எங்க ஓடிப்போவுது மாப்ள, பெரியவரு துக்கம் மொதல்ல" என்றபடி ஹேமநாத் இறங்கினார். மலைக்கு வருகிறவர்கள் பகலெல்லாம் வரிசையில் நிற்பார்கள், மதியச் சாப்பாடாவது மேலேயே முடிந்துவிடும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. துக்கத்துக்கு வருகிறவர்கள் எங்கேயும் போவதில்லை பெரியப்பா. நம்மோடேயே உட்கார்ந்திருக்கிறார்கள். காபி குடித்துவிட்டு அழுகிறார்கள், அழுதுவிட்டுக் காபி குடிக்கிறார்கள். செவ்வாய்க்கிழமைதான் கிளம்பினார்கள். கடனுக்கென்று ஒதுக்கி வைத்திருந்ததில் ஒரு பங்கு சாம்பாராகவும் டிகிரி காபியாகவும் போய்விட்டது.

அதில்கூட எனக்கு வருத்தமில்லை. இரண்டாம் நாள் என் மாமியார் செங்கம்மா நடுவீட்டில் உட்கார்ந்து தங்களைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அழுதார். நான் ஐ.டி.ஐ. சேர்ந்த வருடம் தாங்கள் உழவு மாடு இரண்டையும் விற்றீர்களாம், வாங்கியது அவருடைய அண்ணன் துலுக்காணமாம். "கேசவனுக்குத் தெரியக் கூடாது, படிக்கிற புள்ள மனசு கெட்டுப்பூடும்னு சொல்லித்தான்டி மாட்டப் புடிச்சிக் குடுத்தாரு" என்றார். எனக்கு உதவித்தொகை வந்தது என்றுதானே தாங்கள் சொன்னீர்கள். இருபது வருடமாக அதை நம்பிக்கொண்டிருந்தேன். அப்போது நான் அழுத அழுகை பொய்யில்லை. மற்றவர்களுக்கு அதைப் பார்த்துப் பரம திருப்தி. "பெத்த புள்ளகூட இப்டி அழாது" என்றார்கள்.

ஹேமநாத் தன் கடையிலேயே, தன் செலவிலேயே பேனர் அடித்துக் கொண்டுவந்திருந்தார். எங்கள் கல்யாண ஆல்பத்திலிருந்து தங்கள் படத்தைப் பெரிதாக்கி, தமிழிலும் தெலுங்கிலும் கண்ணீர் அஞ்சலி எழுதி, கீழே தன் குடும்பத்தார் முகங்களை வரிசையாகப் போட்டு, ஓரத்தில் கடையின் போன் நம்பரையும் சேர்த்து, தெரு முனையில் பஸ் நிற்கிற இடத்தில் கட்டினார். அந்த வழியாகத்தான் வங்கி அதிகாரி பவன்குமார் தினமும் திருப்பதிக்குப் போகிறார். கடனை முடிக்க என்னென்ன வேண்டும் என்று கேட்க நான் போனபோது அவர் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "மீ பெத்தநான்ன போயாரண்ட காதா, சாலா பாதகா உந்தி" என்று, தாங்கள் போய்விட்டதற்காகத் தெலுங்கில் ரொம்பவும் வருத்தப்பட்டார். பிறகு உட்கார்ந்து, பணத்தை எப்போது வேண்டுமானாலும் கட்டலாம், ஆனால் இரண்டாவது பெயர்க்காரர் இறந்துவிட்டதால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வந்தால்தான் நிலப் பத்திரம் வெளியே வரும் என்றார். தங்கள் பத்திரத்தைத் தங்கள் கையில் கொடுக்கத்தான் பாலைப் பாதியாக்கினேன். இப்போது தாங்கள் இறந்ததற்குச் சான்று கொண்டுவந்தால்தான் அது கிடைக்கும் என்ற நிலைமைக்கு நானே கொண்டுவந்து விட்டேன்.

பிறகு வியாழக்கிழமை. அது தங்களுக்கே தெரியும், ஆனால் என் பக்கத்திலிருந்தும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் லாரிக்காரர் யாரோ, "கேசவன் வூட்டாண்ட சாவு பேனரு கட்டிக்கீறாங்க" என்று சொன்னதைக் கேட்டு, யாரென்றுகூடத் தெரியாமல், முதல் பஸ் பிடித்து மாலையோடு வந்து இறங்கினீர்கள். நான் பால் வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். தங்களைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். தாங்கள் என்னைப் பார்க்கவில்லை. பேனருக்கு நேரே போய் நின்று, எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தீர்கள். படித்துவிட்டு அப்படியே பக்கத்து மதகுச் சுவர்மேல் உட்கார்ந்து, "நல்ல வேள, நான்தானா" என்றீர்கள்.

சுமித்ராவுக்கோ குழந்தைக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துகொண்டே அவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். நான் கிட்டே வந்ததும், "பொண்ணும் கொயந்தையும் நல்லாக்கீறாங்களா?" என்று கேட்டீர்கள். "நல்லாக்கீறாங்க பெரியப்பா" என்றேன். என் மொட்டைத் தலையைப் பார்த்தீர்கள். "காசு குடுத்து வாங்கிட்டேன், வீணாப் போவக் கூடாது" என்று மாலையைப் பேனர்மேல் போட்டுவிட்டு, எதிரே வந்த சித்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள். பதினோரு பேருக்கு நாலு நாள் காபி கொடுத்த எனக்கு, வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள் என்று தங்களிடம் சொல்ல வாய் வரவில்லை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. வெட்கமாக இருக்கிறது பெரியப்பா. தாங்கள் என்னை அங்கேயே இரண்டு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது பேனரை அவிழ்த்துவிட்டேன். ஹேமநாத் முதல் எல்லாரிடமும் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இனி வீட்டுக்கு யார் வந்தாலும், எத்தனை பேர் வந்தாலும், கடன் அடைய இன்னும் பத்து வருடம் ஆனாலும், கதவு திறந்துதான் இருக்கும். தாங்கள் கையெழுத்துப் போட வங்கிக்கு வர வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. அந்தக் கையெழுத்தைப் பற்றி நான் நினைக்கக்கூட இல்லை. தாங்கள் ஒரு தடவை போனை எடுத்து, "இன்னாடா" என்று கேட்டால் எனக்கு அது போதும்.

சுமித்ரா தங்கள் காலில் விழுந்து வணங்கியதாக எழுதச் சொன்னாள். ரக்ஷிதா முத்தம் கொடுத்ததாக எழுதச் சொன்னாள். தாங்கள் நீண்ட ஆயுளோடு சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். வழக்கத்துக்காக இதை எழுதவில்லை.

தங்கள் ஆசீர்வாதம் கேட்க அருகதையில்லாத,
கேசவன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன் சுமித்ரா வாங்கிப் படித்தாள். எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்ற வரியில் விரலை வைத்து, "இவருகிட்டயும் பொய்யா?" என்று கேட்டாள். அதனால் சொல்லிவிடுகிறேன். நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. பேனரும் அங்கேயேதான் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை தங்கள் காரியத்தை ஹேமநாத் எங்கள் வீட்டில் ஏற்பாடு செய்திருக்கிறார். சமையலுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது, எனக்குத் தலைக்கட்டுக் கட்ட வேட்டியும் எடுத்துவிட்டார். தினமும் போனைக் கையில் எடுக்கிறேன், சொல்ல வாய் வரவில்லை. தாங்கள் அன்றைக்கு மதியம் பந்தி போடுகிற நேரத்துக்கு வந்து வாசலில் நின்றால் போதும். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. முதல் இலை தங்களுக்குத்தான் போட்டு வைத்திருப்பேன், எல்லார் முன்னாலும் தாங்கள் அடிக்கலாம். வரும்போது ஆதார் கார்டை மட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள். பவன்குமாரையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன்.