சிவப்புக் கட்டு, வெள்ளைக் கட்டு

வெள்ளைக் கட்டெல்லாம் அப்படியே இருந்தது. சிவப்புக் கட்டில் ஒன்றுகூட இல்லை.

தாலுகா ஆபீஸ் பதிவறை வாசலில் நின்ற குமாஸ்தா மகுடேஸ்வரனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார். அழிக்க வேண்டிய கோப்புகள் சுவரில் சாய்ந்து சொகுசாக உட்கார்ந்திருந்தன. காலாகாலத்துக்கும் காக்க வேண்டிய கோப்புகள் காலையிலேயே லாரி ஏறிப் போய்விட்டன.

நடந்தது இதுதான். தாலுகா ஆபீசுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் சர்வர் வருகிறது, வைக்க இடமில்லை, பதிவறையைக் காலி பண்ணுங்கள் என்று மேலிடத்து உத்தரவு. எதை வைப்பது, எதை அழிப்பது? அதற்கெல்லாம் அரசாங்கத்தில் விதி இருக்கிறது. கோப்பை முடிக்கும்போதே அதன் ஆயுளை அட்டையில் எழுதிவிடுவார்கள். ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம். எழுதுகிற குமாஸ்தாவுக்கு அன்றைக்கு வீட்டில் சண்டை என்றால் கோப்புக்கு அற்பாயுசு. ஆனால் மகுடேஸ்வரன் விதிப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, வாரக்கணக்கில் தும்மித் தும்மி, ஒழுங்காகத்தான் பிரித்தார். கட்டுவதற்கு நாடா இல்லை. திருப்பூரில் துணிக்கா பஞ்சம்? பக்கத்து பனியன் கம்பெனியில் கட்டிங் வேஸ்ட் வாங்கி வந்து, வைக்க வேண்டியதைச் சிவப்புத் துணியாலும் அழிக்க வேண்டியதை வெள்ளைத் துணியாலும் கட்டினார். பழைய பேப்பரை ஏலம் எடுத்தது ராயபுரத்து வேஸ்ட் குடோன். "எல்லாம் பிரிச்சுக் கட்டியாச்சுங்க, பாத்து ஏத்திக்குங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அவ்வளவுதான் அவர் செய்த தப்பு.

போன் அடித்தது. ஆபீசர் தீனதயாளன்.

"மகுடேஸ்வரன், பெரியாத்தாள்னு ஒருத்தங்க தகவல் உரிமைச் சட்டத்துல மனு போட்டிருக்காங்க. அவங்க மாமனார் பொங்கியண்ணன் பேர்ல இருக்கிற பழைய நிலக் கோப்பு வேணுமாம். நாளைக்குக் காலையில நேர்ல வர்றாங்க. எடுத்து வைங்க."

"சா... சார், எல்லாம் கட்டி வெச்சிருக்குதுங்க. கொஞ்சம் தேடோணும்."

"தேடுங்க. இல்லைன்னு மட்டும் சொல்லிராதீங்க. அந்தம்மா சென்னை வரைக்கும் அப்பீல் போனா எனக்கு ஃபைன், உங்களுக்கு சஸ்பென்ஷன். மாசக் கடைசியில ரிட்டயர் ஆகப்போறீங்க, ஞாபகம் இருக்கா?"

அதை எப்படி மறப்பார்? சால்வை போர்த்திய கையோடு சஸ்பென்ஷன் உத்தரவையும் வாங்கிக்கொண்டு வீடு போனவர்களை அவர் பார்த்திருக்கிறார். பென்ஷன் நின்றால் மகள் மோனிஷாவின் கல்யாணமும் நின்றுவிடும். பெரியாத்தாள் என்ற பெயரைக் கேட்டதுமே, கையில் செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தபடியே சட்டம் பேசுகிற ஒரு பெண்மணி அவர் மனக்கண்ணில் வந்து உட்கார்ந்துகொண்டாள். ஸ்கூட்டரை உதைத்தார்.

குடோன் மேஸ்திரி மாரிச்செல்வம் தென்காசிப் பக்கத்து ஆள். பனியன் வேஸ்ட் குவியலுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏனுங்க, வெள்ளையை உட்டுப்போட்டுச் சிவப்பை எடுத்துட்டு வந்துட்டீங்களே!"

"மொதல் லோடு கலரு, அடுத்த லோடு வெள்ளை. வேஸ்ட் ஏவாரத்துல அதான வழக்கம், அண்ணாச்சி? வெள்ளைதான் ஒசத்தி. அதைப் பதனமா எடுக்க மத்தியானம் தனியா ஆளு வருவாவ."

"அது பேப்பருங்க! துணி கட்டறதுக்கு மட்டும்தானுங்க!"

"பயலுகளுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? கலரைப் பாத்தானுவ, தூக்குனானுவ. சரி, பழைய பேப்பருக்குப் போயி ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

அரசாங்கத்தின் நிரந்தர ஆவணத்தை எடைக்குப் போட்டுவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? மகுடேஸ்வரன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உள்ள ஒரு முக்கியமான பொருள் இருக்குதுங்க."

சத்தமாகச் சொல்லியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ரகசியமாகச் சொன்னதால் குடோன் முழுக்கக் கேட்டுவிட்டது. துணி பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்துகொண்டார்கள்.

"சோனா ஹை க்யா?" என்றான் ஒரு பீகார் பையன்.

அடுத்த நொடி சிவப்புக் கட்டுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. காகிதங்கள் பறந்து பனியன் வேஸ்ட்டோடு கலந்தன. மகுடேஸ்வரன் தலையில் அடித்துக்கொண்டு கத்தினார்.

"தங்கமெல்லாம் இல்லீங்க! வெறும் நிலத்துப் பேப்பருங்க!"

அது அதைவிடப் பெரிய தப்பு. தங்கம் என்ற பேச்சு குடோனோடு நின்றிருக்கும். நிலம் என்றதும் தெருவே உள்ளே வந்துவிட்டது. ஆளாளுக்கு ஒரு கோப்பைத் தூக்கினார்கள். முருகவேல் என்பவர் தன் அப்பாவுக்கு வந்த ஜப்தி நோட்டீசை அங்கேயே சுக்குச் சுக்காகக் கிழித்துப் போட்டார். மயிலாள் என்ற அம்மா, "எங்கய்யன் கையெழுத்துங்க" என்று ஒரு தாளைக் கண்ணில் ஒற்றி மடியில் முடிந்துகொண்டார். ஒருவர் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மேல் தானே எழுதிய புகாரைக் கண்டுபிடித்து, "இப்ப சம்பந்தி ஆயிட்டோமுங்க, இது இருந்தா வம்பு" என்று சட்டைக்குள் திணித்துக்கொண்டார். அரசாங்கம் இத்தனை விதி போட்டும் முடிவுக்கு வராத விஷயத்தை ராயபுரம் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடித்துக்கொண்டிருந்தது.

மகுடேஸ்வரன் ஒரு மூட்டையின் மேல் ஏறினார்.

"சாமிகளா, வேற எதை வேணும்னாலும் எடுத்துக்குங்க! பொங்கியண்ணன் ஃபைலை மட்டும் குடுத்துருங்க!"

"நான்தானுங்க பொங்கியண்ணன்" என்று மூன்று பேர் கையைத் தூக்கினார்கள். மூன்று பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள்.

மாரிச்செல்வம்தான் மண்டையைச் சொறிந்தான். "பொங்கியண்ணன்னு கொட்டை எழுத்துல போட்ட பச்சை அட்டையா? பெரிய பெரிய தாளா இருந்துச்சே? கட்டிங் டேபிள்ல துணிக்கு அடியில விரிக்கப் பேப்பர் கேட்டாவன்னு காலையிலேயே ஒரு கட்டைப் பிரிச்சு எதிர்த்த கம்பெனிக்கு அனுப்பிட்டேனே!"

மகுடேஸ்வரன் ரோட்டைக் கடந்த வேகத்தில் இரண்டு ஆட்டோக்காரர்கள் அவரைத் திட்டினார்கள். அவர் காதில் விழவில்லை. எதிர்த்த கம்பெனிக்குள் கட்டிங் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அடுக்கடுக்காக விரித்த துணிக்குள் கத்தி ஓடி முடிந்திருந்தது. துணியைத் தூக்கிப் பார்த்தால், பொங்கியண்ணன் கோப்பு முழுக்கக் குழந்தை பனியன் அளவில் அழகாக வெட்டுப்பட்டுக் கிடந்தது. கழுத்து தனி, கை தனி.

அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். வெட்கப்படவில்லை. இந்த வயதில் இதற்குமேல் வெட்கப்பட என்ன இருக்கிறது?

தையல் மெஷினில் இருந்த டெய்லர் வேல்விழி எழுந்து வந்தாள். "அழுகாதீங்க சார். பீஸை எல்லாம் பொறுக்கிக் கொண்டாங்க. பனியனையே தைக்கிறோம், பேப்பரைத் தைக்க மாட்டமா? சிங்கிள் நீடில் போதுமா, ஓவர்லாக் அடிச்சிரவா?"

"உறுதியா இருக்கோணும் கண்ணு. நிரந்தரக் கோப்பு."

"அப்ப ஓவர்லாக்தான்."

கையையும் கழுத்தையும் சேர்த்து அவள் அடித்த அடியில் கோப்பு மறுபிறவி எடுத்தது. கை பழகிய பழக்கத்தில் முதல் பக்கத்தின் கழுத்தில் ஒரு மீடியம் சைஸ் லேபிளையும் வைத்துத் தைத்துவிட்டாள். பிரித்தால் கிழியும் என்றாள். இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டார் மகுடேஸ்வரன். அன்று இரவு கோப்பைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டும் தூக்கம் வரவில்லை.

காலையில் ஆபீசர் தீனதயாளன் கோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்க இது, லேபிள் எல்லாம் தொங்குது?"

"ரொம்பப் பழசுங்க சார். கிழிஞ்சிருந்துச்சு, கொஞ்சம் ரிப்பேர் பண்ணியிருக்குதுங்க."

"மத்த நிரந்தரக் கோப்பெல்லாம்?"

"மத்ததை யாரும் கேக்கலீங்க சார்."

"யாரும் கேக்காத வரைக்கும் எல்லாம் பத்திரமாத்தான் இருக்கு. விடுங்க."

கதவு தட்டப்பட்டது. பெரியாத்தாள் வந்தார். வீடியோ எடுக்கவில்லை, சட்டமும் பேசவில்லை. கையில் குடையோடு, இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் கும்பிடு போட்டுவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். முகத்தில் நல்ல சிரிப்பு.

மகுடேஸ்வரனுக்கு உயிர் வந்தது. கோப்பை இரண்டு கையாலும் தூக்கி அவர் முன்னால் வைத்தார்.

"அம்மா, உங்க மாமனார் ஃபைலுங்க. ஒரு பக்கம்கூடப் போகலீங்க. எத்தனை வருசமானாலும் எங்க ஆபீசுல பத்திரமா இருக்கும்ங்க!"

பெரியாத்தாளின் சிரிப்பு அப்படியே நின்றது.

ஆபீசர் கோப்பைத் தன் பக்கம் இழுத்துப் படித்தார். படிக்கப் படிக்கப் புருவம் ஏறியது. "வண்டிப்பாதையை அடைச்சு பொங்கியண்ணன் கட்டின கம்பெனிக் கட்டடத்தை இடிக்கணும்னு உத்தரவு போட்டிருக்கு. அப்புறம் யாரும் எதுவும் பண்ணாம விட்டிருக்காங்க. மகுடேஸ்வரன், கண்ணுல பட்டுருச்சு, இனி சும்மா இருக்க முடியாது. இடிக்கிறதுக்கு நோட்டீஸ் டைப் பண்ணுங்க."

பெரியாத்தாள் ஓவர்லாக் போட்ட அந்தத் தாளைத் தடவிப் பார்த்தார். மகுடேஸ்வரனை நிமிர்ந்து பார்த்தபோது கண் நிறைந்துவிட்டது.

"ஏனுங்க சாமி, உங்க ஆபீசுல எந்த ஃபைலும் இருக்காது, கேட்டா 'இல்லை'ன்னு எழுதிக் கையில குடுத்துருவாங்க, அதை வெச்சுக் கம்பெனியைக் காப்பாத்திக்கலாம்னு வக்கீல் சொன்னதை நம்பித்தானுங்களே நான் மனுவே போட்டேன்!"