அடுத்த வியாழக்கிழமைக்கான இரங்கல்

மாண்புரி நாட்டு அரண்மனையில் சபையைக் கூட்டுவதற்கு ஒரு சின்ன மணியும், ஒத்திவைப்பதற்கு ஒரு பெரிய மணியும் தொங்கின. சின்ன மணியின் ஓசை வாசலைத் தாண்டாது. பெரிய மணி நாட்டின் எல்லை வரை கேட்கும். அந்த ஆட்சியைப் புரிந்துகொள்ள இவ்வளவே போதும், ஆனாலும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பெரிய ஏரிக்கரைக்கு நேர் கீழே, நாற்பது வீடுகளோடு மதகடி என்ற ஊர் இருந்தது. அந்த வருடம் மழை கொட்டித் தீர்த்ததில் ஏரி நிரம்பி, கரையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டது. மதகைத் திறந்து தண்ணீரை இறக்கினால் ஊர் பிழைக்கும். ஆனால் மதகில் அரக்கு முத்திரை இருந்தது. சபையின் உத்தரவில்லாமல் அதைத் தொட்டால் சிறை. ஏரி நிறைந்திருந்தால்தான் மேட்டிலிருந்த அமைச்சர்களின் மாந்தோப்புகளுக்குத் தண்ணீர் ஏறும் என்பது தற்செயலானது என்று அரசாங்கமே சொன்னதால், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

மதகடியில் நாற்று நடும் சிவனம்மா அரைநாள் நடந்து தலைநகருக்கு வந்து, "மதகை எப்போது திறப்பீர்கள்?" என்ற கேள்வியைச் சபையில் பதிவு செய்தாள். பதிவான கேள்விக்கு அன்றே பதில் சொல்லியாக வேண்டும் என்பது அங்கே சட்டம். இரங்கலுக்காகச் சபை ஒத்திவைக்கப்பட்டால் மட்டும் கேள்வி அடுத்த வியாழக்கிழமைக்குப் போகும்.

முதல் வியாழக்கிழமை, அவளுடைய கேள்வி சபையில் படிக்கப்படவிருந்த நேரத்தில் முன்னாள் அமைச்சர் ஒருவர் காலமான செய்தி வந்தது. பெரிய மணி அடித்தது. சிவனம்மாவும் கண் கலங்கினாள், பாவம், நல்ல மனுஷி. அடுத்த வியாழன் பட்டத்து யானை செத்தது. மூன்றாம் வியாழன் நாட்டில் யாருமே சாகவில்லை. அவைத்தலைவர் மகுடேசுவரனார் தொண்டையைச் செருமிக்கொண்டு, மன்னரின் ஏழாம் பாட்டனார் இருநூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்ததற்கு இச்சபை இன்னும் முறையாக வருந்தவில்லையே என்று வருந்தினார்.

"ஐயா, எங்க கேள்வி என்னாச்சு?" என்று பார்வையாளர் மாடத்திலிருந்து சிவனம்மா கத்தினாள்.

"துக்க வேளையில் கேள்வி எழுப்புவது பண்பாடாகாது, அம்மையீர்" என்றார் அவைத்தலைவர். மணி அடித்தது.

இதற்கிடையில் ஊர்க்காரர்கள் வெடிப்பில் மண் மூட்டை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். இரங்கல் காலத்தில் மண்வெட்டியின் ஓசை மறைந்தோரை அவமதிக்கும் என்று ஓர் அவசரச் சட்டம் வந்தது. சேவகர்கள் மண்வெட்டிகளைப் பிடுங்கிப் போனார்கள். வெடிப்பில் இப்போது ஆட்டுக்குட்டி நுழைந்தது.

நான்காம் வாரம் புதன்கிழமை காலையில், மறுநாள் பட்டியலில் தன் கேள்வி இருக்கிறதா என்று பார்க்கச் சிவனம்மா சபை அலுவலகத்துக்குப் போனாள். எழுத்தர் அம்பலவாணனின் மேசையில் மை காயாத தாள்கள் கிடந்தன. எழுத்துக் கூட்டிப் படித்தாள். "ஏரி உடைந்து உயிர்நீத்த மதகடி மக்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு இச்சபை தன் ஆழ்ந்த இரங்கலை..."

"ஐயா, இது எங்க ஊருங்க. எங்க ஊர்ல யாரும் சாகலையே!"

"தேதியப் பாரும்மா. நாளைக்குத்தானே போட்டிருக்கு" என்றார் அவர், நிமிராமல்.

"நாளைக்கு நடக்கறது இன்னைக்கே எப்படிங்க தெரியும்?"

"மேலேருந்து வந்தத எழுதறேன். எண்ணிக்கை தப்பா இருந்தா சொல்லு, திருத்திடறேன்."

சிவனம்மா விரல் விட்டு வீடு வீடாக எண்ணினாள். எண்ணிக்கை சரியாக இருந்தது. போன மாதம் பிறந்த குழந்தைகூட விடுபடவில்லை. வந்த வழியே ஓடினாள்.

வியாழக்கிழமை உச்சிவேளையில் சபை கூடியது. அவைத்தலைவர் தழுதழுத்த குரலில் இரங்கல் தீர்மானத்தைப் படித்தார். உறுப்பினர்கள் எழுந்து தலைகுனிந்து நின்றார்கள். கோழி கேறும் சத்தம் கேட்டு எல்லோரும் மாடத்தைப் பார்த்தார்கள். அங்கே மூட்டை முடிச்சோடும் கைக்குழந்தைகளோடும் ஒரு பெருங்கூட்டம் நின்றுகொண்டிருந்தது.

"யார் நீங்கள்?"

"மதகடிக்காரங்க. நீங்க இப்ப அழுதீங்களே, அந்தச் செத்துப்போனவங்க" என்றாள் சிவனம்மா. "அழுதது போதும். மதக எப்பத் தொறப்பீங்க?"

அவைத்தலைவர் விதிப்புத்தகத்தை நிதானமாகப் புரட்டினார். "தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிவிட்டது. மறைந்தோர் கேள்வி கேட்க விதியில் இடமில்லை. சபை ஒத்திவைக்கப்படுகிறது."

பெரிய மணி அடித்து ஓய்ந்த பிறகுதான், ஏரி உடைந்த செய்தியோடு குதிரைக்காரன் வந்து சேர்ந்தான். நாற்பது வீடும் போய்விட்டன. அவைத்தலைவருக்கு மட்டும் முன்பே எப்படித் தெரிந்தது என்று ஒரு உறுப்பினரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றால் சபைதான் இல்லையே.

சிவனம்மா அழுது முடித்து, நேராக எழுத்தரின் அறைக்குப் போனாள். அடுத்த வியாழனுக்கான தாள்கள் அங்கே காய்ந்துகொண்டிருந்தன. அதிலிருந்த ஊரின் பெயரைப் படித்ததும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்த ஊருக்குப் போகும் வழியை விசாரித்தாள்.

அந்த ஊரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், நல்லவேளை நம் ஊர் இல்லை என்று மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாகத் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள்.