ஜமீன்தாரிணிக்குக் கேம்பில் ஓட்டுக் கேட்ட விவரம்

ராஸ் அல் கைமா,
5.10.2006

மகாராஜராஜஸ்ரீ கீழப்பூலாங்குளம் ஜமீன்தார் ரெங்கராஜ் மாமா அவர்கள் சமூகத்துக்கு, அக்காள் மகன் மணிமாறன் தண்டனிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் வெயிலும் சௌக்கியம். அங்கே தாங்களும் பட்டமும் சௌக்கியமாக இருக்கக் குலதெய்வத்தை வேண்டிக்கொள்கிறேன்.

ஜமீன் காரியத்தைப் போனில் பேசுவது கௌரவக் குறைச்சல் என்று தாங்கள் உத்தரவிட்டிருப்பதால் கடிதத்திலேயே எழுதுகிறேன். நம் பஞ்சாயத்துத் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டதால் தங்களுக்குப் பதில் குமுதவல்லி அத்தையை நிறுத்தியிருக்கிறீர்கள். நம் ஊரிலிருந்து இந்த டைல்ஸ் கம்பெனிக்கு வந்திருக்கும் இருபத்து மூன்று பேரையும் பிடித்து, அவரவர் வீட்டுக்குப் போன் போடவைத்து, ஓட்டை நம் பக்கம் திருப்பச் சொல்லியிருந்தீர்கள். நோன்பு மாதம், டூட்டி சீக்கிரம் முடிகிறது. அதனால் உடனே வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

முதலில், தலைப்பாகையும் வாளுமாகத் தாங்கள் நிற்கும் படத்தை, நாங்கள் தங்கியிருக்கும் கேம்பின் மெஸ் சுவரில் ஒட்டினேன். ஃபோர்மேன் குல்சார் கான் எட்டிப் பார்த்து, "யாரு பாய் இது, கல்யாண மாப்பிள்ளையா?" என்று ஹிந்தியில் கேட்டார். எங்கள் ஊர் ராஜா, என் தாய்மாமா என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். அன்றிலிருந்து என்னை "ராஜா சாப்" என்றுதான் கூப்பிடுகிறார். உடைந்த டைல்ஸை அள்ளக் கூப்பிடும்போதும் அப்படித்தான். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை கூட்டம் போட்டேன். "ஜமீன் ரத்தத்துக்கு ஓட்டளிப்பீர்" என்று தொடங்கியதுமே எதிர் வேட்பாளர் மாரியம்மாளின் புருஷன் கார்மேகம் எழுந்துவிட்டார். அவர் எனக்கு மேல் கட்டிலில் படுக்கிறவர். தாங்கள் இதைப் பெரிதுபடுத்தக் கூடாது, கட்டிலை ஒதுக்கியது கம்பெனி. "தம்பி, இந்த ஊருலயும் ராசா இருக்காரு. பாலைவனம்தான், ஆனா கொழாயத் தொறந்தா தண்ணி வருது. நம்ம ஊருல தொறந்தா பட்டம் மட்டுந்தானப்பா வருது. எம் பொண்டாட்டி கொழாய்க்காகக் கலெக்டர் ஆபீசுக்கு ஆறு தடவ போயி மனுக் குடுத்துருக்கா. ஒங்க மாமா ஒரு தடவ போனாரா?" என்று கேட்டார். "ஜமீன்தார் மனு வாங்குவார், கொடுக்க மாட்டார்" என்று நான் சாமர்த்தியமாகப் பதில் சொன்னேன். பலத்த கைதட்டல். அது கார்மேகத்துக்கு என்று பிறகுதான் தெரிந்தது.

இருந்தாலும் விடவில்லை. ஒவ்வொருவரையும் வீட்டுக்குப் பேசவைத்தேன். ராக்கப்பன் மனைவி, "நீங்க அங்க சோத்த நேரத்துக்குத் தின்னுங்க, ஓட்ட நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். மற்ற வீடுகளிலும் ஏறக்குறைய இதே பதில்தான். கடைசியில் நானே என் பானுப்பிரியாவுக்குப் பேசினேன். அவள் மாரியம்மாளுக்குப் பூத் ஏஜெண்டாக உட்காரப் போகிறாளாம். "ரெண்டு மைலு தண்ணி தூக்குறது நாந்தான? ஒங்க மாமா தலப்பாகையா தூக்குது?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், மாமா. சிரிப்புதான் வந்தது. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவள் இவ்வளவு தெம்பாகப் பேசி நான் கேட்டதில்லை. மனதுக்கு நிறைவாக இருந்தது. தங்களிடம் பொய் சொல்வானேன்.

அதற்காகத் தாங்கள் சோர்ந்துவிட வேண்டாம். பட்டத்துக்கு இன்னும் மவுசு இருக்கிறது. குல்சார் கானுக்கு மட்டும் நம் ஊரில் ஓட்டு இருந்தால் அது நமக்குத்தான். வெற்றி நிச்சயம். தங்கள் மீசையும் வம்சமும் நீடூழி தழைக்கட்டும். அத்தைக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்
மணிமாறன்

பின்குறிப்பு: இதை எழுதி முடித்த நேரத்தில் அத்தையே போன் செய்தார்கள். பதின்மூன்றாம் தேதி தன் சொந்த ஓட்டையும் மாரியம்மாளுக்கே போடப் போகிறார்களாம். "அரமனைன்னுதான் பேரு, வேலக்காரி வேலய விட்டு நின்னதுலேர்ந்து கொடம் தூக்குறது நாந்தான். மாமாகிட்ட இப்பச் சொல்லிராத" என்றார்கள். தங்களிடம் மறைப்பது பாவம். அத்தை பேச்சைத் தட்டுவதும் பாவம். ஆகையால் ஒன்று விடாமல் எழுதிவிட்டு, கூரியரில் அனுப்பாமல் சாதாரணத் தபாலில் போடுகிறேன். வந்து சேரப் பன்னிரண்டு நாளாகும்.