சும்மா மாஸ்டர் மேல் நான் எழுதிய முறைப்பாடு

ஒன்றும் சொல்லித்தராத வாத்தியார்கள் எங்கள் மாவட்டத்தில் ஏராளம். அதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தவர் சும்மா மாஸ்டர் ஒருவர்தான்.

செங்கலடியில் வாகனம் ஓட்டப் பழக்கும் லேனர்ஸ் ஒன்றில் அவருக்கு வேலை. வேனில் நமக்குப் பக்கத்தில் ஏறியதும் கச்சான் கடலைப் பையைத் திறப்பார். அவர் வாய் திறப்பதும் அதற்கு மட்டும்தான். அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மாடோ மனிதரோ குறுக்கே வந்தாலொழிய அதைத் தொடமாட்டார்.

ஒருநாள் நடுச்சந்தியில் எனக்கு எஞ்சின் நின்றுவிட்டது. பின்னால் பதுளை பஸ் ஹோர்ன் அடித்துக் காதைக் கிழித்தது.

"மாஸ்டர், பஸ் வருது!"

"ஓம், எனக்கும் கேக்குது."

"இப்ப நான் என்ன செய்யிற?"

"தங்கச்சி, வாகனம் ஓட்டுறது நீங்களா, நானா?"

இன்னொருநாள் வேனின் முன்சில்லை வயலுக்குள் இறக்கிவிட்டேன். மனிதர் இறங்கி வரப்பில் நின்று, "எடுங்க பாப்பம்" என்றார். அவ்வளவுதான். முக்கால் மணிநேரம் அழுதழுது எடுத்தேன்.

எனக்கு வெல்லாவெளிப் பக்கம் ஒரு வெளிக்கள வேலை கிடைத்திருந்தது. மூன்று மாதத்துக்குள் லைசன் காட்டாவிட்டால் அது இல்லை; மாஸ்டரிடமும் இதைச் சொல்லியிருந்தேன். நானும் கூட வேன் ஓட்டப் பழகிய இரண்டு பேரும் சேர்ந்து, 'இவர் ஒன்றும் சொல்லித்தருவதில்லை' என்று முதலாளிக்கு முறைப்பாடு கொடுத்தோம். கடிதத்தை எழுதியவள் நான்தான். மறுவாரமே மாஸ்டரை வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார்கள்.

புதிதாக வந்தவர் ஓயாமல் கத்தினார். "கிளச்! கியர்! சிக்னல்!" அவர் சொல்லச் சொல்ல நாங்கள் செய்தோம். பிழையே வரவில்லை. இதுவல்லவோ படிப்பு என்று பூரித்துப்போனோம்.

சோதனையன்று பக்கத்தில் இருந்த அதிகாரி வாயே திறக்கவில்லை. பாலத்து ஏற்றத்தில் எஞ்சின் நின்றது. யாராவது 'கிளச்' என்று கத்துவார்கள் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். மூன்று பேரும் பெயில். என் வேலை வேறொருத்திக்குப் போனது. நல்லாய் வேண்டும் எனக்கு! பழக்க வருகிறவர்கள் முதலில் தங்கள் வாயைப் பழக்க வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் இந்த மண்டைக்குள் ஏறியது.

மாஸ்டரைத் தேடிப் போனால், ஐம்பது தாண்டிய வயதில் கட்டாருக்குத் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டப் போய்விட்டார் என்றார்கள். லைசன் உள்ள என் மச்சாளைப் பக்கத்தில் ஏற்றி, "நான் எங்க கொண்டுபோய் முட்டினாலும் நீங்க வாயத் திறக்கப்படாது" என்று சொல்லி, பனிச்சங்கேணி வீதியில் வாகனம் ஓட்டினேன். இரண்டு வேலிகளைச் சாய்த்தேன். எஞ்சின் எத்தனை தரம் நின்றதோ, அத்தனை தரமும் நானே எடுத்தேன். அடுத்த சோதனையில் பாஸ்.

போன் இலக்கம் தேடி மாஸ்டருக்கு அழைத்தேன்.

"மாஸ்டர், லைசன் எடுத்திட்டன். உங்களாலதான்."

"நான் ஒண்டும் சொல்லித் தரல்லியே, தங்கச்சி."

"அதத்தான் மாஸ்டர் அந்தக் கடிதத்திலயும் எழுதினன். அத எழுதினது நான்தான்."

"தெரியும்," என்றார். பிறகு, "அந்த வெல்லாவெளி வேலை கிடைச்சுதா?" என்று கேட்டார்.

நான் அவருடைய வேலையைப் பறித்தேன். அவர் என் வேலையைப் பற்றிக் கேட்கிறார். போனைப் பிடித்தபடி அழுதுவிட்டேன். அவர் ஊர் திரும்பும் நாளில் விமான நிலையத்துக்கு வேன் கொண்டுபோகிறவள் நான்தான். வேறு ஒருவரையும் விடமாட்டேன்.