சபையைக் கூட்ட நான் கொம்பு ஊதிய கதை

முதலில் எல்லோரும் என்னை மன்னிக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவன், அதிலும் நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறவன், பத்திரிகையில் எழுதத் துணிவது அதிகப்பிரசங்கித்தனம்தான். சபையின் பழைய நாட்களைப் பற்றி நீங்கள்தான் எழுத வேண்டும் என்று புதுப் போதகர் கேட்டபோது, “எனக்கு அதெல்லாம் வராதுங்க ஐயா” என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லக் கூச்சமாக இருந்தது. தலையாட்டிவிட்டேன். என் வாழ்க்கையில் நடந்த பெரிய காரியங்களெல்லாம் இப்படித் தலையாட்டி நடந்தவைதான், கல்யாணம் உட்பட. (என் மனைவிக்கு யாரும் இதைப் படித்துக் காட்ட வேண்டாம்.) யுத்தத்தால் மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை. வெளிச்சம் இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன்.

கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டில் (சில ஊர்கள் சேர்ந்த வட்டாரத்தை மலையில் நாடு என்போம்) எங்கள் ஜெபவீடு அப்போது புல் வேய்ந்த ஒரு கொட்டகை. அதை ஒட்டி மருந்து கொடுக்கும் ஓர் அறை, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஒரு சாய்ப்பு. அந்தச் சாய்ப்புக்கு நான்தான் வாத்தியார். பிள்ளைகளிடம் மட்டும் எனக்குக் கூச்சம் இல்லை. அவர்கள் என்னைவிடக் குள்ளம் என்பதால் இருக்கலாம்.

ஜெபவீட்டை நடத்தியவர் ஞானமுத்து உபதேசியார். காய்ச்சல் மருந்தும் அவர்தான், பிரசங்கமும் அவர்தான், பாட்டும் அவர்தான். மருந்து நன்றாக இருக்கும். பிரசங்கம் பரவாயில்லை. பாட்டைப் பற்றிப் பிறகு வேறொருவர் சொல்லுவார்.

சபையில் நாங்கள் கொஞ்சம் பேர். காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து சுமை தூக்கி மலையேறிய என்னைப் போன்ற சில குடும்பங்கள். ஊருக்குள் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தால், நாங்கள் கையைக் குவிக்க வேண்டும், அவர்கள் மேலே இருந்து ஊற்றுவார்கள். அப்புறம் சின்னம்மாள். குஷ்டம் வந்து, குணமாகி, விரல்கள் மட்டும் மடங்கிப் போனவள். குணமானது ஊருக்குத் தெரியும், விரல்கள் அதை மறக்கடித்துவிடும். அவளைச் சொந்த ஊரில் யாரும் திரும்பச் சேர்க்கவில்லை. ஜெபவீட்டின் பின்புறக் குடிசைதான் அவளுக்கு உலகம். எங்கள் எல்லோரையும் உபதேசியார் ஒரே பாயில் உட்கார வைப்பார். மலைக்காரர்கள் மருந்துக்கு வருவார்கள், வாசலில் நின்று வாங்கிக்கொண்டு போவார்கள். பாயில் உட்கார ஒருவரும் வந்ததில்லை.

இதனால் கீழே மிஷன் சங்கத்தின் தலைமைப் போதகர், நாங்கள் பெரிய ஐயர் என்போம், சொல்லி அனுப்பிவிட்டார். வரப்போகிற வருஷாந்தர விருந்துக்கு அவரே மலையேறி வருவார். அன்றைக்கும் மலைக்காரர் யாரும் வரவில்லையென்றால் ஜெபவீட்டையும் மருந்தறையையும் மூடிவிட்டு அடிவாரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

எங்களுக்கெல்லாம் அடிவாரத்தில் ஏதோ ஒரு கூரை இருந்தது. சின்னம்மாளுக்கு இல்லை. அதை அவள் சொல்லவில்லை. “சோறு ஆக்குறது நானுங்களா, இல்ல வேற யாருங்களா?” என்று மட்டும் கேட்டாள். அவள் ஆக்கினால் வருகிறவர்களும் வரமாட்டார்களே என்பதுதான் அந்தக் கேள்வி.

“நீதான்,” என்றார் உபதேசியார். “உன் சோத்தை ஒளிச்சு வச்சு ஒரு விருந்து நமக்கு வேண்டாம்.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீ ஊர் ஊராப் போய், ஊடு ஊடா நின்னு, வாய் நெறையக் கூப்பிட்டுட்டு வா.”

தலையாட்டினேன்.

முதல் வீட்டு வாசலில் ஒரு பலாமரம் இருந்தது. அதன் பின்னால் நின்று தைரியத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். நாய் குரைத்தது. ஓர் அம்மா வெளியே வந்து, “ஏனுங்க, என்ன வேணும்?” என்றார்.

“தண்ணிங்க,” என்றேன்.

ஊற்றினார். குடித்தேன். வந்துவிட்டேன். அடுத்த வீட்டிலும் தண்ணீர்தான் கேட்டேன். அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே. ஊர்க்கவுண்டர் வீட்டை அடைந்தபோது நடக்கும்போது என் வயிறு சத்தம் போட்டது. கவுண்டர் வீட்டம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, “ஏன் சாமி, உங்க ஜெபவூட்டுல ஊத்து வத்திப் போச்சுங்களா?” என்று கேட்டபடியே ஊற்றினார். ஒருவரையும் அழைக்காமல் ஒரு நாடு முழுவதையும் சுற்றிவந்த ஆள் நானாகத்தான் இருப்பேன்.

“சொல்லிட்டியா?” என்றார் உபதேசியார். தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். அது எந்தப் பக்கம் ஆடியது என்று எனக்கே தெரியவில்லை.

விருந்துக்கு முதல் நாள்தான் அந்த யோசனை வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்னால், பள்ளத்துக்கு அப்பாலிருந்து நீளமாக ஒரு கொம்புச் சத்தம் கேட்டது. உடனே வரப்பிலும் பாதையிலும் ஜனங்கள். வீட்டில் ஒருவரும் மிச்சமில்லாமல் ஒரே திசையில் போனார்கள். எதற்கு என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்பதற்கு வாயைத் திறக்க வேண்டுமே! பழைய காலத்தில் எக்காளம் ஊதித்தானே சபையைக் கூட்டினார்கள், நாமும் ஊதினால் என்ன என்று தோன்றியது. வாயால் பேசத்தான் எனக்கு வராது. ஊத வராது என்று யார் சொன்னது?

ஊர்க்கவுண்டர் வீட்டுக்கு மறுபடி போனேன். அந்த அம்மா தண்ணீர்ப் பானைப் பக்கம் திரும்பினார்.

“தண்ணி வேண்டாமுங்க. கொம்பு...”

“எதுக்குங்க சாமி?”

“கோயிலுக்குங்க. நாளைக்கு விசேசமுங்க.”

கவுண்டர் தினைக்காட்டில் இருந்தார். அந்த அம்மா தொங்கிய கொம்பை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். நான் எடுத்துக்கொண்டேன்.

ஓடைக்கரையில் வைத்துப் பழகிப் பார்த்தேன். முதலில் வயிற்றுவலி வந்த எருமையின் குரல்தான் வந்தது. பிறகு, அன்றைக்கு நான் கேட்ட அதே சத்தம், உயர்ந்து நீண்டு அப்படியே சரிந்து விழுகிற சத்தம், ஓரளவுக்கு அமைந்தது. எனக்கே உடம்பு சிலிர்த்தது. (எனக்கும் ஒரு வரம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.)

விருந்து நாள் காலை. பின்புறத்தில் சின்னம்மாள் அடுப்பு மூட்டிப் பருப்பு வேகப் போட்டிருந்தாள். உபதேசியார் ஐயருக்காக உள்ளே முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். நான் ஒருவரிடமும் சொல்லாமல் பாறை மேல் ஏறிக் கொம்பை ஊதினேன். நான்கு திசைக்கும் திரும்பித் திரும்பி, மூச்சு போகும் வரை ஊதினேன்.

வந்தார்கள்! பள்ளத்திலிருந்து வந்தார்கள், சோலைக்கு அப்பாலிருந்து வந்தார்கள். பெண்கள் தலையில் சாமையும் கேழ்வரகும் நிறைந்த கூடைகள். கண்ணில் நீர் வந்துவிட்டது எனக்கு. காணிக்கையோடு வருகிறார்களே!

கொஞ்சம் கிட்டே வந்ததும் சில விஷயங்கள் என்னை யோசிக்க வைத்தன. ஆண்கள் தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டியிருந்தார்கள். பெண்கள் கூந்தலை விரித்திருந்தார்கள். விருந்துக்கு ஏன் சிலர் பச்சை மூங்கில் வெட்டித் தூக்கி வருகிறார்கள் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

ஜெபவீட்டு வாசலில் கூடைகளை இறக்கிய பொன்னி என்கிற அம்மா மார்பில் அடித்துக்கொண்டு குரலெடுத்தார்.

“கசந்த மருந்து குடுத்தாயே ராசா,
எம்புள்ள காச்சல எடுத்தாயே!
மழையின்னும் பாக்காம வந்தாயே ராசா,
இனி எந்த வழி பாத்திருப்பேன்!
பாடாத குரலெடுத்துப் பாடுவியே ராசா,
பட்டி மாடெல்லாம் மெரளுமே!
இனி யாருக்கு மெரளும் எம்மாடு?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஊதியது சாவுக்கு ஊதுகிற ஊத்து. விசேஷத்துக்கு விட்டு விட்டுத் துள்ளி ஊதுவார்களாம். ஜெபவீட்டுப் பாறையிலிருந்து கேட்டதால், போனது உபதேசியார்தான் என்று மூன்று ஊரும் முடிவு செய்துவிட்டது. கீழே இறங்கிச் சொல்லியிருக்கலாம். பாறைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

சத்தம் கேட்டுச் சின்னம்மாள் கரண்டியோடு ஓடிவந்தாள். உள்ளே சவரம் செய்கிற மனிதருக்கு என்ன ஆயிற்றோ என்று நினைத்து அவளும் “ஐயோ!” என்று கதறினாள். சாவு வீட்டில் பெண்கள் எப்படி அழுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். எதிரே வருகிறவளைக் கழுத்தோடு கட்டிக்கொண்டுதான் அழுவார்கள். பொன்னியம்மா கண்ணை மூடிக்கொண்டே கையை நீட்டினார். கைக்கு அகப்பட்டவள் சின்னம்மாள். இருவரும் தோளில் தோள் சாய்த்து, ஆடி ஆடி அழுதார்கள். மற்றப் பெண்களும் அவர்களைச் சுற்றிக்கொண்டார்கள்.

சரியாக அந்த நேரத்தில் பெரிய ஐயரின் டோலி மேடேறி வந்தது. ஜெபவீட்டு முற்றம் நிறைய மலை ஜனங்கள், அத்தனை பேரும் கண்ணீரும் கம்பலையுமாக. மனந்திரும்பித்தான் அழுகிறார்கள் என்று நினைத்து ஐயர் டோலி நிற்பதற்கு முன்பே குதித்தார். “எழுப்புதல்!” என்றார். “ஆண்டவரே, எழுப்புதல்!” அப்படியே மண்ணில் முழங்கால் போட்டுவிட்டார்.

கதவு திறந்தது. முகத்தில் பாதி சோப்பு நுரையோடு உபதேசியார் வெளியே வந்தார்.

வெள்ளை முகத்தைப் பார்த்ததும் மூங்கில் தூக்கி வந்தவர்கள் மூங்கிலைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பொன்னியம்மா மட்டும் அசையவில்லை. பாதிப் பாட்டில் வாய் திறந்தபடி நின்றார்.

“யாரம்மா போயிட்டாங்க?” என்றார் உபதேசியார் பதறிப்போய்.

“நீங்கதானுங்க,” என்றார் பொன்னியம்மா.

நான் இறங்கி வந்தேன். கையில் கொம்பு இருந்ததால் யாரும் விளக்கம் கேட்கவில்லை. ஊர்க்கவுண்டர் என்னைப் பார்த்த பார்வையில் அந்த மூங்கில் எனக்கே உபயோகப்படும் போலிருந்தது. “வாத்தி, உனக்குப் பேச வராதுன்னு தெரியும். ஊதவும் வராதுன்னு ஒரு வார்த்த சொல்லப்படாது?” என்றார். “கெளம்புங்க எல்லாரும்!”

ஒருவரும் கிளம்பவில்லை. கூடைகள் இருந்தனவே! இழவுக்குக் கொண்டுவந்த தானியத்தைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது என்பது மலை வழக்கம். கொண்டு போனால் அந்த வீட்டில் இழவு விழும். பெண்கள் கூடையைத் தொட மறுத்துவிட்டார்கள்.

“கொட்டிட்டு வாங்க,” என்றார் கவுண்டர்.

“வெளைஞ்சதக் கொட்றதுங்களா? நல்லாருக்குதுங்க உங்க ஞாயம்,” என்றார் பொன்னியம்மா. “இங்கயே ஆக்கித் தின்னுட்டுத்தான் போவோணும்.”

“ஆரு ஆக்குறது?”

எல்லோர் கண்களும் ஒரே இடத்துக்குப் போயின. பொன்னியம்மாவின் கை இன்னும் சின்னம்மாள் கழுத்தைச் சுற்றித்தான் இருந்தது. அதை அவரும் அப்போதுதான் கவனித்தார். சின்னம்மாள் மெல்ல விலகப் பார்த்தாள். அடுப்பில் பருப்பு பொங்கி வழிகிற சத்தம் மட்டும் கேட்டது.

பொன்னியம்மா கையை எடுக்கவில்லை. “கட்டிப் புடிச்சு அழுதாச்சுங்க. இவ கண்ணுத் தண்ணி எம்மேல, என்ற கண்ணுத் தண்ணி இவ மேல. இனிச் சோத்துல என்னங்க இருக்குது? நட கண்ணு, பருப்பு அடிப்புடிக்குது.”

எல்லோரும் சாப்பிட்டார்கள் என்று எழுத ஆசைதான். கவுண்டர் சாப்பிடவில்லை. அவரோடு கொஞ்சம் பேர் எழுந்து போனார்கள். போனவர்கள் முற்றத்துக்கு வெளியே ஒரு பலா மரத்தடி வரைக்கும் போய் அங்கேயே உட்கார்ந்து, இங்கே என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். பாய் போதவில்லை. சாமைச் சோறும் பருப்பும் சின்னம்மாள் கையால் விழுந்தன. உபதேசியார் பாதிச் சவரத்தோடு பரிமாறினார். ஒரு கிழவர் அவர் கையைக் கிள்ளிப் பார்த்துவிட்டுத்தான் சோற்றில் கை வைத்தார்.

உபதேசியார் பொன்னியம்மா பக்கத்தில் குனிந்து, “மாடு மெரளும்னு பாடினீங்களே, அது வந்து...” என்று இழுத்தார்.

“நெசந்தானுங்க. ஆனா அது பழகிப் போச்சுங்க, மாட்டுக்கு.”

உபதேசியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த மலையில் யாருக்கும் தன்னைப் பிடிக்கவில்லை என்று பல நாள் எங்களிடம் சொல்லி வருந்திய மனிதர் அவர்.

பெரிய ஐயரிடம் நடந்ததை ஒளிக்காமல் அவரே சொன்னார். ஐயர் முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, பந்தியை வெகு நேரம் பார்த்தார். “உபதேசியாரே, நான் செத்தால் கீழே இத்தனை பேர் அழுவார்களா என்று யோசிக்கிறேன்,” என்றார்.

“அதற்கென்ன ஐயா, கொம்பு ஊத நம்மிடம் ஆள் இருக்கிறது.”

மூடுகிற பேச்சை அதன்பிறகு ஐயர் எடுக்கவில்லை. சின்னம்மாள் கடைசி வரை அந்தக் குடிசையில்தான் இருந்தாள். அவள் போனபோது முறையாக ஊதத் தெரிந்தவரைக் கொண்டு ஊதினார்கள். பொன்னியம்மாதான் முதலில் பாடினார்.

எனக்கு மிஞ்சியது ஒன்றுதான். இத்தனை வருஷம் கழித்தும் ஜெபவீட்டில் நான் மூக்குச் சிந்தினால் போதும், பின் வரிசையிலிருந்து யாராவது, “இன்னிக்கு யாருங்க?” என்று கேட்கிறார்கள். சாப்பாட்டுக்கு வர நேரமானால், “நீ ஊதினாத்தான் அப்பா வருவாரு,” என்று என் பிள்ளைகள் தாயாரிடம் ஊதாங்குழலை நீட்டுகிறார்கள்.

விருந்துக்கு மறுநாள் காலை கொம்பைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கவுண்டர் அதை வாங்கி, என் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டினார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் வீட்டம்மா தண்ணீர் கொண்டுவந்தார். கையைக் குவித்தேன். செம்போடு கையில் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.