எதைப் பொறுத்து நின்றது?

‘வேகமோ நிறுத்தமோ, எதைப் பொறுத்து என்று குறிப்பிடாத பதிவு செல்லாது.’ தூத்துக்குடியில் லாஞ்சு என்ற இயந்திரப் படகுகளை ஓட்டிய ஒரு கம்பெனிக்கு இந்த விதியை எழுதிக் கொடுத்தவன் நான். அதை மீறிக் கதை எழுதியவனும் நானே.

ஓய்வுபெற்றவனுக்கு நடைப்பயிற்சியோ இலக்கியமோ வந்தே தீரும். எனக்கு முழங்கால் வலி. ஆகவே ஒரு விண்வெளிக் கதை எழுதி நூலகக் கூட்டத்தில் வாசித்தேன். பதினேழு பேர் இருந்தார்கள் (நாலு பேர் மின்விசிறிக்காக வந்தவர்கள்). உச்சக்கட்டத்தில் நாயகன் இன்ஜினை அணைக்கிறான். ‘விண்கலம் அசையாமல் நின்றது.’ கைதட்டலுக்காகச் சற்று நிறுத்தினேன்.

“எதைப் பொறுத்து சார் நின்னுது?”

கடைசி வரிசையில் சூசை, எங்கள் பழைய லாஞ்சு டிரைவர்.

விண்வெளியில் இன்ஜினை அணைத்தால் கலம் போன வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கும். பூமியிலிருந்து பார்த்தால் ஒரு வேகம், பக்கத்துக் கலத்திலிருந்து பார்த்தால் இன்னொன்று. நான் முதல் வகுப்பில் தேறிய பாடம் இது. கூட்டம் சிரித்தது, மின்விசிறிக்காரர்கள் உட்பட.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வி என்னுடையது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் சூசையின் பதிவேட்டில், ‘இன்ஜின் நிறுத்தம். லாஞ்சு அரைமணி நேரம் நின்றது’ என்றிருந்தது. நின்ற லாஞ்சு அரை மைல் தெற்கே போயிருந்தது. எதைப் பொறுத்து நின்றது, பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் தருக என்று ஆங்கிலத்தில் மெமோ கொடுத்தேன். பதில் வரவில்லை. விளக்கம் நிலுவையில் இருப்பவருக்குப் பதவி உயர்வு கிடையாது (அதுவும் என் விதிதான்). டிரைவராகவே ஓய்வுபெற்றார்.

ஏன் பதில் தரவில்லை என்று நூலக வாசலில் கேட்டேன்.

“அன்னிக்கு நீங்க கேட்டது வெளங்கல சார். இன்னிக்கு உங்க கதையைக் கேட்டபொறவுதான் வெளங்குச்சு. எழுதித் தாரேன்.”

இப்போதெல்லாம் நான் அடுக்களை வாசலில் சும்மா நின்றாலும், “எதைப் பொறுத்து நிக்கிய?” என்கிறாள் மனைவி. விருந்தாளிகளுக்கும் கதை தெரியும். கடிதம் வந்தது மட்டும் தெரியாது.

மேலே மெமோ எண்ணை முறையாகக் குறிப்பிட்டிருந்தார். கீழே:

‘கவுந்த வள்ளத்தைப் பொறுத்து நின்னுது. அதைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேர் நீரோட்டத்துல போனாங்க. ஆள் தண்ணியில கிடக்கையில இன்ஜினை ஓட்ட முடியாது. தூக்குற வரைக்கும் லாஞ்சும் கூடவே போச்சு. அனுமதியில்லாம ஏன் போனேன்னு கேப்பீயன்னு பயந்து பதிவேட்டுல எழுதல.’

விளக்கம் முழுமையானது. திருப்பி அனுப்ப வழியில்லை. ஏற்றுக்கொள்ள எனக்கு இப்போது அதிகாரமும் இல்லை. பழைய வழக்கத்தில், கடிதத்தின் ஓரத்தில் பெற்ற நாளை மட்டும் எழுதினேன்: மாதா கோயில் திருவிழாக் கொடியேற்றத்தன்று, மெமோ கொடுத்த பதினான்காம் ஆண்டு.